நாய்க்கு ஏற்ற உணவும் தின்பண்டமும்

விடிவதற்கு முன்னரே பெரட்டுக்குப் புறப்படும் தொழிலாளியின் பின்னால் ஒரு நாயும் புறப்படுவதை நம் தோட்டங்களில் அன்றாடம் காணலாம். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் அவர் நிரை நிரையாகப் பால் வெட்டிச் செல்லும்போது, அது சற்று முன்னே ஓடிப் புல்லை மோப்பம் பிடிக்கும். பாம்பு கிடந்தால் குரைத்து அறிவிக்கும். காட்டுப் பன்றியின் வாடை பட்டால் சிலிர்த்து நிற்கும். மாலையில் அதே நாய் லயத்து வாசலில் குழந்தைகளுக்குக் காவலாகப் படுத்திருக்கும். இத்துணை வேலை செய்யும் அந்தப் பிராணி என்ன உண்கிறது என்று கேட்டால், “மிச்சம் மீதி இருப்பதைப் போடுகிறோம்” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

அந்த மிச்சம் மீதியைப் பற்றித்தான் இம்மாதம் பேச விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

தகவல் துறைக்கு வருவதற்கு முன் நான் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் மணி என்றொரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். பள்ளி வாசல்வரை அவனைக் கொண்டுவந்து விட்டுத் திரும்பிப் போகும். ஓர் ஆண்டு தீபாவளி முடிந்த அடுத்த வாரம் மணி வரவில்லை. காரணம் கேட்டேன். உறவினர்கள் எல்லாரும் புறப்பட்டுப் போன பிறகு ஆட்டுக்கறிக் குழம்பு ஒரு பெரிய சட்டி நிறைய மிஞ்சியிருந்ததாம். வீணாக்க மனமில்லாமல் மூன்று நாள் சோற்றில் பிசைந்து மணிக்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆவலாய்த் தின்றிருக்கிறது. ஐந்தாம் நாள் எழுந்து நிற்க இயலவில்லை. ஈறு காகிதம்போல் வெளுத்துவிட்டது. சிறுநீர் கறுப்புக் காப்பியின் நிறத்தில் போயிற்று. பாட்டி கண்ணேறு என்றார். அண்டை வீட்டார் பாம்பு தீண்டியது என்றனர். மறுநாள் காலையில் மணி இறந்துவிட்டது.

அந்த மாணவன் ஒரு வாரம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. பின்னர் ஒரு நாள் என் மேசை அருகில் வந்து, “சார், நான்தானே சோறு வைத்தேன்” என்றான். அவனுக்கு என்ன விடை கூறுவது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. நாயின் உணவைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

வெங்காயம் செய்யும் வேலை

பின்னாளில் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இந்த அடையாளங்களைச் சொன்னபோது, அவர் முதலில் கேட்ட கேள்வி, “குழம்பில் எவ்வளவு வெங்காயம் போட்டார்கள்?” என்பதாகும்.

வெங்காயத்திலும் பூண்டிலும் கந்தகம் சேர்ந்த சில பொருள்கள் உள்ளன. நம் உடல் அவற்றை எளிதில் சமாளித்துவிடும். நாயின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களோ அவற்றைத் தாங்க மாட்டா. அணுக்கள் சிதைந்து உடைகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் நிறப்பொருள் சிறுநீரில் கலந்து அதைக் கறுக்கச் செய்கிறது. நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே இரத்தத்தில் கேடு தோன்றும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நம் தோட்டத்து நாட்டு நாய் ஏறத்தாழ 12 கிலோ இருக்கும். அதற்கு இரண்டு பெரிய வெங்காயமே போதுமானது. விருந்துக் குழம்பில் வெங்காயம் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஆனால் அதன் நஞ்சு போய்விடுவதில்லை. வேகவைத்தாலும், வதக்கினாலும், காயவைத்துப் பொடி செய்தாலும் அது அப்படியேதான் இருக்கும். ஒரே நாளில் அதிகம் தின்றாலும் கேடு, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தின்றாலும் கேடு. இதில் ஏமாற்றும் செய்தி ஒன்றும் உண்டு. தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும். மூன்று, நான்கு நாள் கழித்தே தளரும். அதற்குள் குழம்பை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உண்ணி கடிப்பதால் வரும் இரத்தக் காய்ச்சலிலும் இதே வெளுப்பும் இதே கறுத்த சிறுநீரும் காணப்படும். நம் தோட்டங்களில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. ஆகவே மணி எதனால் இறந்தது என்பதை இரத்தத்தைச் சோதித்துப் பார்த்திருந்தால் மட்டுமே உறுதியாகச் சொல்லியிருக்க முடியும். எந்த நோயாக இருந்தாலும், ஈறு வெளுத்த அன்றே கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று அம்மருத்துவர் கூறினார்.

சோறு போடுவது தவறா?

“நாய் புலால் உண்ணும் பிராணி, அதற்குச் சோறு ஆகாது” என்று சொல்வோர் உண்டு. இது முழு உண்மையன்று. ஓநாயிலிருந்து நாய் பிரிந்து மனிதனோடு வாழத் தொடங்கிய நெடுங்காலத்தில் அதன் குடலும் நம் உணவுக்குப் பழகிக்கொண்டது. மாவுச்சத்தைச் செரிக்கச் செய்யும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு பெருகியிருப்பதை 2013 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். நன்றாகக் குழைய வெந்த சோறு நாய்க்கு நல்ல உணவே.

தவறு சோற்றில் இல்லை. சோறு மட்டுமே போடுவதில்தான் இருக்கிறது. சோறும் குழம்புத் தண்ணீரும் மட்டும் தின்னும் நாய்க்கு வயிறு நிறையும், தசை வளராது. ரோமம் பொலிவிழந்து கொட்டும். குட்டியாக இருந்தால் கால் எலும்பு வளைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, வசதி வந்த சிலர் வெறும் இறைச்சியை மட்டும் போடுகின்றனர். அதுவும் பிழையே. எலும்பு நீக்கிய இறைச்சியில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. அதையே தின்று வளரும் குட்டியின் எலும்பு, மரவள்ளிக் குச்சியைப்போல் முறியும்.

அப்படியானால் ஒரு நாளைக்கு என்ன வைக்கலாம்? 12 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு 700 முதல் 800 கலோரி வரை தேவை. வெளிக்காட்டுக்கு நாள்தோறும் உடன் வரும் நாய்க்குச் சற்றுக் கூடுதலாகவும், வாசலிலேயே உறங்கும் நாய்க்குச் சற்றுக் குறைவாகவும் வேண்டும். அதை நம் சமையலறைப் பொருளில் சொல்வதானால்: குழைந்த சோறு இரண்டு தேநீர்க் குவளை அளவு, அதாவது 300 கிராம். முள் நீக்கிய கெம்போங் மீனோ, எலும்பு நீக்கிய கோழியோ, வேகவைத்தது 150 கிராம். அவித்த முட்டை ஒன்று. வேகவைத்துப் பிசைந்த பறங்கிக்காய் அல்லது பயற்றங்காய் ஒரு கைப்பிடி. சமையல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதை இரண்டாகப் பிரித்துக் காலையில் ஒரு பங்கும் மாலையில் ஒரு பங்கும் வைக்க வேண்டும். உப்பும் மிளகாயும் மசாலையும் வேண்டா. குடும்பத்துக்குச் சமைக்கும்போதே, தாளிப்பதற்கு முன் மீனிலும் காய்கறியிலும் நாயின் பங்கைத் தனியாக வேகவைத்து எடுத்துவிட்டால் இரண்டு வேலை ஆகாது.

சுண்ணாம்புச்சத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மாவாக அரைத்துப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன உணவில் நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி கலந்தால் போதும். அதிகம் போட்டால் நல்லது என்று எண்ணி அள்ளிப் போடாதீர்கள். குட்டிகளுக்கு மிகுதியும் கேடு செய்யும்.

முட்டையைப் பச்சையாக ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பச்சை வெள்ளைக்கரு ஓர் உயிர்ச்சத்தைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது. எப்போதோ ஒருமுறை கொடுப்பதால் ஒன்றும் நேராது. எனினும் அவித்துக் கொடுப்பதே முறை.

எலும்பு

நாய்க்கு எலும்பு என்பது நம் பாடப் புத்தகப் படத்திலேயே இருக்கிறது. ஆசிரியனாக இருந்த நானும் அந்தப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தியவன்தான். ஆனால் வெந்த கோழி எலும்பு நாய்க்கு ஆகாது. வெந்தபின் அது நெகிழ்வை இழந்து, கடித்தவுடன் ஊசிபோல் பிளக்கிறது. அந்தச் சிம்பு தொண்டையில் குத்தி நிற்கும். குடலைக் கிழித்தாலும் கிழிக்கும். வெந்த ஆட்டெலும்பும் அப்படியே.

கோழித் தலை, கால், கழுத்து முதலியவை சந்தையில் மலிவாகக் கிடைப்பதால் நாய்க்கென்று பலர் வாங்குகின்றனர். வாங்குவதில் பிழையில்லை. பிரஷர் குக்கரில் நெடுநேரம் வேகவைத்து, எலும்பை இரு விரலால் நசுக்கினால் மாவாகும் பதத்துக்குக் கொண்டுவந்து சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். அந்தப் பதம் வராத துண்டு ஒவ்வொன்றையும் எடுத்து எறிந்துவிட வேண்டும். இப்படி எலும்போடு பிசைந்து கொடுக்கும் நாளில் முட்டை ஓட்டு மாவு தேவையில்லை.

வேட்டையில் கிடைத்த காட்டுப் பன்றியின் குடலையும் இறைச்சியையும் பச்சையாக நாய்க்கு வீசுவது புழுக்களையும் கிருமிகளையும் வீட்டுக்கு அழைப்பதாகும். அதையும் நன்றாக வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

பையில் வரும் உணவு

இப்போது சிறு பட்டணத்துப் பலசரக்குக் கடைகளிலும் நாய் உணவு பைகளில் வந்துவிட்டது. இதை வாங்குவது ஆடம்பரம் என்று எண்ண வேண்டா. வீட்டுச் சமையலில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அயோடின், துத்தநாகம், சில உயிர்ச்சத்துகள் ஆகியவை குறைந்தே போகும். நல்ல பை உணவில் அவை அளவறிந்து சேர்க்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு மாதம் முழுவதும் அதையே போட எல்லாக் குடும்பத்துக்கும் இயலாது என்பதை நான் அறிவேன். என் யோசனை இது: பாதி பை உணவு, பாதி வீட்டு உணவு. 12 கிலோ நாய்க்கு உலர்ந்த பை உணவு 100 கிராம். அதோடு மேலே கூறிய வீட்டு உணவில் பாதி. முட்டை ஓட்டு மாவிலும் பாதி போதும்.

பையின் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கத்தைத் திருப்புங்கள். அது முழு உணவா, துணை உணவா என்று அச்சிட்டிருக்கும். முழு உணவு என்றிருப்பதையே எடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கானதில் புரதம் 18 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது; குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 22 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். டின் உணவில் இந்த எண் எட்டு, ஒன்பது என்றிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டா. அதில் முக்காற் பங்கு தண்ணீர். தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். தானியம் அற்றது என்று அச்சிட்டுக் கூடுதல் விலைக்கு விற்பதும் உண்டு. சோறு செரிக்கும் நாய்க்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. அத்தகைய உணவுகள் சிலவற்றுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை 2018 ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கியதையும் நினைவில் வைக்கலாம்.

நம் நாட்டு ஈரக்காற்றில் திறந்த பை விரைவில் பூசணம் பிடிக்கும். கடைக்காரர் பெரிய மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால், முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பூசணம் பிடித்த நிலக்கடலை, சோளம், அரிசி ஆகியவற்றில் உண்டாகும் நஞ்சு நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். “நமக்கு ஆகாது, நாய்க்குப் போடு” என்று நாம் ஒதுக்கும் பொருள் பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது.

தின்பண்டம் எவ்வளவு?

தின்பண்டத்தில் நாய்க்கு இருக்கும் ஆசையைவிட, கொடுப்பதில் நமக்கு இருக்கும் ஆசையே பெரிது. அதில் குற்றமில்லை. அளவுதான் வேண்டும். ஒரு நாள் உணவின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக் கூடாது என்பது பொது விதி. 12 கிலோ நாய்க்கு அது 70, 80 கலோரி; அதாவது மேரி பிஸ்கட் மூன்று. வீட்டில் பிள்ளைகள் மூவர் இருந்து, ஒவ்வொருவரும் மாலைத் தேநீரின்போது இரண்டிரண்டு கொடுத்தால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். தேநீரில் நனைத்துக் கொடுப்பதை அறவே விட்டுவிடுங்கள். தேநீரிலும் காப்பியிலும் உள்ள பொருள் நாயின் இதயத்தைப் படபடக்கச் செய்யும். கெட்டிப்பாலும் வேண்டா, வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாகும்.

பிஸ்கட்டைவிட நல்ல தின்பண்டங்கள் நம் வீட்டுக் கொல்லையிலேயே உள்ளன. வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டு, விதை நீக்கிய பப்பாளி, பாதி வாழைப்பழம், வேகவைத்த பறங்கி ஆகியவை நாய்க்கு இனியவை. நெத்திலியை நீரில் ஊறவைத்து, அந்த உப்பு நீரைக் கொட்டி, மீண்டும் கழுவி, வறட்டுச் சட்டியில் முறுக வறுத்து வைத்துக்கொண்டால், சொன்னபடி உட்காரும் நாய்க்குப் பரிசாக ஒன்றிரண்டு கொடுக்கலாம். மரவள்ளியைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. அதில் நஞ்சு உண்டு.

பழக்காலத்தில் ஓர் எச்சரிக்கை. ரம்புத்தான், டுரியான், மாம்பழம் ஆகியவற்றின் கொட்டைகளை வாசலில் எறிகிறோம். இனிப்புச் சதை ஒட்டியிருப்பதால் நாய் முழுதாக விழுங்கும். அது குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை செய்துதான் எடுக்க வேண்டும். தின்றதை எல்லாம் கக்கிக்கொண்டு, மலம் கழியாமல் வயிறு உப்பியிருக்கும் நாயைக் கண்டால் முதலில் இதையே ஐயுற வேண்டும்.

அறவே கொடுக்கக் கூடாதவற்றில் வெங்காயத்துக்கு அடுத்தபடி திராட்சையைச் சொல்வேன். பச்சைத் திராட்சையானாலும், பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையானாலும், சில நாய்களுக்குச் சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாக்லேட்டும் நஞ்சே, நிறம் கறுக்கக் கறுக்க நஞ்சும் கூடும். முன்னர் நம் தோட்டங்கள் பலவற்றில் கொக்கோவும் பயிரிட்டனர். அந்தக் கொக்கோ விதையில் இருக்கும் பொருளேதான் இது. நீரிழிவு உள்ள வீடுகளில் சர்க்கரை இல்லாத சூயிங்கம் இருக்கலாம். அதில் சைலிட்டால் என்னும் இனிப்பு சேர்ந்திருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் நாயின் இரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்புக் காணும். கள்ளும் பீரும் விளையாட்டுக்குக்கூட வேண்டா.

விருந்து நாளில் வெட்டியெடுத்த ஆட்டுக்கொழுப்பை அள்ளிப் போடுவதும் ஆபத்தே. பழக்கமில்லாத கொழுப்பு ஒரேயடியாக உள்ளே போனால் கணையம் வீங்கி, நாய் முதுகை வளைத்துக்கொண்டு வலியால் துடிக்கும்.

குட்டியும் தாயும்

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் குட்டி பால் மறக்கும். அதுமுதல் நான்கு மாதம்வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று வேளை, அதன் பின்னர் இரண்டு வேளை. சினையாக இருக்கும் நாய்க்குக் கடைசி மூன்று வாரத்தில் உணவைக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூட்ட வேண்டும். குட்டி போட்டபின் அதற்கு இருமடங்குக்கு மேலும் தேவைப்படும். குட்டிகள் பலவாயின் மூன்று மடங்கும் ஆகும். எலும்பும் தோலுமாய்க் குட்டிகளை இழுத்துக்கொண்டு லயத்தைச் சுற்றி அலையும் தாய்நாய், பெரும்பாலும் இந்தக் கணக்கு தெரியாத வீட்டைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகிறதா? உணவைக் கூட்டுவதற்கு முன் புழுவைப் பாருங்கள். புழு இருக்கும்வரை நீங்கள் போடும் மீனில் ஒரு பங்கு புழுவுக்கே போகும். குட்டிக்கு இரண்டாம் வாரத்திலிருந்தே பூச்சி மருந்து கொடுக்கலாம். அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நாயின் கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலில் நடக்கும் பிள்ளைகளின் தோலிலும் புகும் என்பதால், இது நாயின் நலம் மட்டுமன்று.

நாய் தக்க உடல்வாகில் இருக்கிறதா என்று அறியத் தராசு வேண்டியதில்லை. விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்கு எண்ணும்படி துருத்தக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடை சற்றே ஒடுங்கியிருக்க வேண்டும்.

தட்டு, தண்ணீர், அண்டை வீடு

தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். 12 கிலோ நாய் நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் வரை குடிக்கும். வெயிலில் ஓடியாடினால் இன்னும் கூடும். களைக்கொல்லி வந்த டப்பாவை அறுத்து நாய்க்குத் தட்டாக வைப்பதை நான் கண்டிருக்கிறேன். எத்தனை முறை கழுவினாலும் அது உணவுப் பாத்திரம் ஆகாது. பழைய ஈயத் தட்டோ மண்சட்டியோ போதும். உண்டு முடித்தபின் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மிச்சத்தை விட்டுவைத்தால் எலி வரும், எலிக்கு வைத்த நஞ்சு பின்னர் நாய்க்கும் வரும்.

வீட்டிலேயே வேளை தவறாமல் உண்ணும் நாய், அண்டை வீட்டுக் குப்பைத் தொட்டியை உருட்டுவது குறையும். நாயைத் தொடுவதும் அது தம் வாசலுக்கு வருவதும் சமய முறைப்படி ஆகாதென்று கருதும் மலாய் அண்டை அயலாரோடு நாம் வாழ்கிறோம். நாயின் தட்டை நம் வீட்டுப் பின்புறத்தில் வைப்பது அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை. மேலும், தெருவில் திரிந்து இரை தேடும் நாயே பிற நாய்களிடம் கடிபடுகிறது. வெறிநாய் நோய் 2015 ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017 ஆம் ஆண்டில் சரவாக்கிலும் தலைகாட்டியதை நாம் மறக்கலாகாது. வளர்க்கும் பிராணிக்குத் தக்க உணவும் நீரும் அளிப்பது உரிமையாளரின் கடமை என்று 2015 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் விதித்திருக்கிறது.

இதுவரை குழம்புச் சோறு தின்ற நாயை ஒரே நாளில் மாற்ற முயலாதீர்கள். மசாலை மணம் இல்லாத சோற்றை அது முகர்ந்துவிட்டு உங்களை ஏறிட்டுப் பார்க்கும். வெங்காயம் சேர்ந்ததை இன்றே நிறுத்திவிடுங்கள். மற்றவற்றில் முதல் இரண்டு நாள் கால் பங்கும், அடுத்த இரண்டு நாள் அரைப் பங்கும், பின்னர் முக்காற் பங்கும் என்று புதியதைக் கூட்டி, ஒரு வாரத்தில் முழுவதும் மாற்றலாம். மீன் வேகவைத்த நீரைச் சிறிது சோற்றில் ஊற்றினால் மறுக்காது.

ஆகாததைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புக் கரைசலை வாயில் ஊற்றிக் கக்கவைக்க முயல வேண்டா, உப்பே நஞ்சாகிவிடும். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குத் தின்றது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, உறையோ பொட்டலமோ மிஞ்சியிருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கோ அன்றே கொண்டு செல்லுங்கள். ஈறு வெளுத்திருந்தாலும், சிறுநீர் கறுத்திருந்தாலும், மறுநாள் காலைப் பெரட்டு முடியட்டும் என்று காத்திராதீர்கள்.